அப்பாவிடம் மிஞ்சிய சொல்

அன்பு மகன் கிஷாந்துக்கு, வட்டகொடையிலிருந்து அப்பா நல்லமுத்து. இங்கே மழையும் குளிருமாக எங்கள் பாடு போகிறது, அங்கே நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாவைக் கும்பிட்டபடி இருக்கிறோம்.

அண்ணே, அப்பா முன்பு எப்படி எழுதுவாரோ அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். கடிதம் அப்பாவுடையது, கை மட்டும் தங்கச்சி பிரேமினியுடையது. ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், சரியென்றால் இடது கையால் முழங்காலைத் தட்டுகிறார். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் எனக்கு ஒன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது என்று உங்களுக்கே தெரியும், நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் நிரோஷன் அடுத்த கிழமை அங்கே ருமேனியாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

சித்திரை மழையில் தேயிலைக் கொழுந்து தள்ளிக்கொண்டு வருகிறது, அம்மா இருட்டோடு எழும்பி மலைக்குப் போய்விடுகிறார். நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்கு வலது கால் கொஞ்சம் ஊன்ற வருகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார், வலது கை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் வைத்துவிட்டுப் போன பீன்ஸ் பாத்தியை மாடு மேய்ந்துவிட்டது, அதற்கு அம்மா திட்டிய திட்டு ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்.

பொங்கலன்று நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். அப்பா எப்படி இருக்கீங்க என்று கேட்டீர்கள், அவர் உங்களைப் பார்த்துப் போடா என்றார். மறுபடியும் கேட்டீர்கள், போடா போடா என்று கத்தினார். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஓகே என்று மட்டும் மெசேஜ் வருகிறது. அவரிடம் சொல்லாமல் ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுப் போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணே, அது கோபம் இல்லை. நீங்கள் போன பிறகு பாரிசவாத வருத்தம் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். தேத்தண்ணி வேணுமா என்றால் போடா, சோறு போதுமா என்றால் போடா. அம்மாவையும் போடா என்கிறார், இத்தனை வருசம் குடும்பம் நடத்தினதுக்கு நான் இப்ப 'டா'வா போயிட்டேனா என்று அம்மா சண்டைக்கு நிற்கிறார். போன மாதம் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை லயத்துப் பக்கம் வந்து, நல்லா இருக்கியா நல்லமுத்து என்று கேட்டார். அப்பா ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து, பலமாகப் போடா என்றார். தொரை சிங்களவர்தான், ஆனாலும் அந்தச் சொல் தெரியாத தொரை எந்தத் தோட்டத்தில் இருக்கிறார். கணக்கப்பிள்ளை ஐயா நடுவில் புகுந்து வருத்தக்காரர் சேர் என்று சமாளித்து அழைத்துப் போனார். நாங்க எல்லாம் மனசுக்குள்ள சொன்னத இவரு ஒருத்தருதான்டி மூஞ்சிக்கு நேரா சொன்னாரு என்று காளியாயி அக்கா அன்று முழுக்கச் சிரித்தார்.

முதலில் நாங்களும் தப்பாகத்தான் நினைத்தோம். போன வருடம் மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய பிறகு, ரதி வேசத்துக்கு விரதம் இருந்த அப்பா யாரோ கொடுத்த கருவாட்டுக் குழம்பைத் தெரியாமல் தொட்டுவிட்டாராம், அதற்குத்தான் காமன் வாயைக் கட்டிவிட்டார் என்று லயத்தில் பேச்சு. அம்மா அதை நம்பினார். நான் படித்தவள், மறுத்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இந்த மாசியில் கீழ் டிவிசனில் கூத்து தொடங்கியதும், தப்பு மேளச் சத்தம் அப்பா காதில் விழுந்தால் இன்னும் குத்தமாகிவிடும் என்று அம்மா கதவைச் சாத்தி ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். ஸ்பீக்கர் சத்தம் சாக்குக்கு அடங்குமா. நீங்கள் கட்டிய மதன் வேசத்தை இந்த முறை நிரோஷன் கட்டியிருந்தான். சிவன் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிற மதன் ரதியிடம் விடை கேட்கிற பாட்டை அவன் பாடி முடித்தான். கட்டிலில் கிடந்த அப்பா ரதியின் பாட்டை எடுத்தார். பயணம் வேண்டாம் என்று ரதி மறிக்கிற அந்தப் பாட்டு முழுவதும், ஒரு சொல் குழறாமல். அம்மா சாக்கைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அப்பா என் பேரைச் சொல்லுங்க என்றேன். வாயைத் திறந்தார், போடா என்றார், பிறகு அழுதார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு அவரைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற றுமைஸா மிஸ் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் போகாமல் ஒரு இடம் கெட்டுவிட்டதாம். மனதில் இருப்பதைச் சொல்லாகக் கோர்த்து வாய்க்கு அனுப்புகிற இடம் அது. வசவும், சாமி பெயரும், பாடிப் பாடித் தேய்ந்த பாட்டும் அப்படிப் புதிதாகக் கோர்க்க வேண்டாதவை, அதனால் வேறு வழியாக வந்துவிடுகின்றன என்று நினைக்கிறார்களாம். நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. உங்கள் முகத்தைக் கண்ட சந்தோசத்தில் அவர் சொல்ல முயன்றதெல்லாம்தான் அத்தனை போடாவும்.

அங்கே ஒரு டாக்டர் அம்மா, நல்ல சுகத்தோடு இருப்பவர்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும், நீ உட்காருவாயா என்று என்னைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வராததால் உட்கார்ந்துவிட்டேன். எட்டு என்ற இலக்கம் மாதிரி வளைந்த ஒரு காந்தச் சுருளைத் தலையின் இடது பக்கம் வைத்து, தமிழ் மாதங்களைச் சொல்லச் சொன்னார்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று வந்தேன், சுருள் டக்டக்கென்று அடித்தது, அடுத்தது நின்றுவிட்டது. ஆடி என்று எனக்குத் தெரியும் அண்ணே. மனதில் அது பளிச்சென்று இருக்கிறது, வாய் என்னுடையதாக இல்லை. அடி நின்றதும் ஆடி தானாக வந்து விழுந்தது. பிறகு பாடச் சொன்னார்கள். எனக்கு வந்தது ரதி பாட்டுத்தான், அதே இடத்தில் அடித்தபோதும் அது நிற்காமல் வந்தது. அப்பா மாதிரி அடிபட்டவர்களைப் பார்த்துத்தான் முன்பெல்லாம் எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்களாம், இப்போது இப்படி ஒரு கணம் நிறுத்தியும் பார்க்கிறார்களாம். எனக்கு அது ஒரு கணம். அப்பா எழும்புவதிலிருந்து படுக்கும்வரை அங்கேதான் நிற்கிறார். ட்ரெயினில் வரும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நேற்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிஷாந்த் மேலே கோபமா என்றேன், கை அசையவில்லை. அவன் ஞாபகமா என்றேன், தட்டத் தொடங்கியவர் நான் பிடித்து நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

குளிரில் தலை நனையாமல் இருக்கட்டும், வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னார். சோறு வடிக்க நேரமில்லாவிட்டால் ரொட்டியாவது சுட்டுச் சாப்பிடுங்கள். நிரோஷனிடம் இஞ்சியும் மிளகாய்த்தூளும் கொடுத்து விடுகிறோம், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மாரியம்மா உன் கூடவே நிற்பாள், நூறு வயசுக்கு நல்லா இரு மகனே. இதற்கு அப்பா தட்டிவிட்டார்.

இப்படிக்கு உன் அப்பா,
நல்லமுத்து
(கோணலாக இருக்கிற இந்தக் கையெழுத்து அவர் இடது கையால் போட்டது)

அண்ணே, இதற்குக் கீழே உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் உங்கள் போனுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீடியோவில் வாருங்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்காதீர்கள், எதுவுமே கேட்காதீர்கள். மதன் விடை கேட்கிற பாட்டைப் பாடுங்கள். ரூமில் இருக்கிற பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பாடி முடித்ததும் பேசாமல் இருங்கள். அவர் ரதியின் பாட்டை எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.