பதினாறாவது ஆள்

2024 பெப்ரவரி 5, திங்கள்
கம்பனி பேஸ்போல் டீமில் என் பெயர் வந்துவிட்டது! சம்பளத்துக்கு ஆடும் இந்தப் பெண்கள் டீமில் தேயிலைத் தோட்டத்து ஆள், தமிழ் ஆள், இதுவரை ஒருத்தியும் இருந்ததில்லை. அம்மா போய் தோட்ட வேலையாட்கள் பதிவில், அந்தச் செக்ரோலில், என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு வந்து அழுதாள். சந்தோஷமாம்.

பெப்ரவரி 6
பயிற்சிக்கு முன் இரண்டிரண்டு பேராக நின்று பந்தை எறிந்து பிடித்துக் கையைச் சூடாக்க வேண்டும். இதுவரை பதினைந்து பேர். அதனால் கேப்டன் நிலூஷியோடு மட்டும் இரண்டு பேர் சேர்ந்து மூவராக நிற்பார்களாம். என்னோடு பதினாறு. கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூவரும் அசையவில்லை. கோச் சேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டோர் சுவரில் எறிந்து நானே பிடித்தேன்.

பெப்ரவரி 19
சுவர்தான். பைப்புக்கு மேலே இரண்டாவது கல்லில் பட்டால் பந்து நேராகத் திரும்புகிறது.

மார்ச் 11
என் கிளவ்வை ஒருத்தி தெரியாமல் எடுத்துவிட்டாள். “தெமள கெல்லகே” என்றாள் நிலூஷி. தமிழச்சியோடது, கொழுந்து வாடை ஒட்டும், கீழே போடு என்று சிங்களத்தில் சொன்னாள். எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரிச்சேன்? வாயில என்ன கொழுக்கட்டையா?

ஏப்ரல் 28, ஞாயிறு
பலாங்கொடையில் மேட்ச். கடைசியில் தூரத்திலிருந்து ஹோம் பேஸுக்கு எறிந்தது நான்தான். ஓடி வந்தவள் அவுட். ஜெயித்தோம். கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கும்பல் அப்படியே தள்ளிப் போனது. சுவத்துல எறிஞ்சு எறிஞ்சுதான் இந்தக் கை வந்துச்சு. அதுக்கு அவளுகளுக்கு நன்றி வேற சொல்லணுமோ?
இந்த மாதிரிக் கை உங்கள் தோட்டத்தில் இன்னும் உண்டா என்று கோச் சேர் கேட்டார்.

மே 1
எங்கள் லயன் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள் மெட்டில்டா. பன்றி விரட்ட அவள் எறியும் கல் குறி தப்பாது. “நீ வா, நம்ம ரெண்டு பேரும் ஜோடி” என்றேன்.
“என்னயத் தனியா விட்ற மாட்டீங்கல்லக்கா?”
மாதா மேல் சத்தியம் செய்தேன்.

ஜூன் 3, திங்கள்
மெட்டில்டாவுக்கு முதல் நாள். செக்ரோலில் அவள் பெயரும் போயாச்சு. காலில் புதுச் சப்பாத்தோடு, கிளவ்வை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.
அப்போதுதான் நிலூஷி கூப்பிட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லி. “சரோன், மெஹே என்ன.”
இங்கே வா என்கிறாள். என்னை!
மெட்டில்டாவோடு நின்றால் நாங்கள் என்றைக்கும் தோட்டத்து ஜோடிதான். இன்று போகாவிட்டால் நிலூஷி இன்னொரு தரம் கூப்பிட மாட்டாள்.
போனேன்.
மூவர் பிரிந்தார்கள். எட்டு ஜோடி. பதினேழாவது ஆள் மெட்டில்டா. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் பந்து படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாக எறிகிறாய் என்றாள் நிலூஷி. சந்தோஷமா இருந்துச்சு. எழுதவே கூசுது, ஆனா இருந்துச்சு.
திரும்பி வரும் பஸ்ஸில் மெட்டில்டா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். திட்டவில்லை. கஹவத்தையில் இறங்கும்போதுதான் கேட்டாள்.
“சுவத்துல எந்த எடத்துல அடிச்சாக்கா பந்து நேரா திரும்பும்?”
“பைப்புக்கு மேல, ரெண்டாவது கல்லு” என்றேன்.