ஒச்சம்மாவின் முழங்கையும் அண்ணன் அனுப்பிய டியூபும்

கச்சால் தீவு
5.6.2025

அன்புள்ள ரவி அண்ணனுக்குத் தங்கச்சி ஒச்சம்மா எழுதுவது. நானும் நாய் ரெண்டும் சுகம். போன் டவர் செத்துப் பத்து நாள் ஆகிறது, அதனால்தான் கடிதாசி.

கப்பலில் வேலை பார்க்கும் நாகராஜ் கொண்டுவந்த மருந்து டியூபும் உங்கள் சட்டமும் கிடைத்தன. "ஒரு மாதத்தில் முழங்கை வலி தீராவிட்டால் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைக் கீழே போடு, தனியாகக் கிடக்காமல் புரோத்ராபூருக்கு வந்து எங்களோடு இரு" என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து கொடுத்து மிரட்டுகிற வைத்தியரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பூசினேன். முதலில் ஐஸ், அப்புறம் நெருப்பு. வாசனை தாங்காமல் நாய்கள் வெளியே போய்ப் படுத்துக்கொண்டன.

சித்ரா அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
ஒச்சம்மா

கச்சால்
1.7.2025

அண்ணா,
வலி போயே போச்சு. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போடுகிறேன். ஆகவே நான் எங்கும் வரவில்லை. எனக்கென்று ஒதுக்கிய அறையில் அண்ணி கோழி வளர்க்கட்டும்.

ஆரோக்கியமான
ஒச்சம்மா

புரோத்ராபூர்
9.7.2025

தங்கச்சிக்கு,
உன் கடிதத்தை எங்கள் ஃபீனிக்ஸ் பே ஆபீசில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஜம்புலிங்கம் கழுத்துக்கும் சந்திரமோகன் முட்டிக்கும் அதே டியூபை வாங்கிவிட்டார்கள். அபர்டீன் பஜார் மருந்துக்கடைக்காரர் எனக்கு நாற்காலி போடுகிறார்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி கேட்கிறாள்: "ஏங்க, ஜூன் பூரா மழை, கப்பலே பாதி நாள் பந்த். மழையில ரப்பர் பால் வெட்ட மாட்டாங்களே. கை சும்மா கெடந்தா வலி எங்கேர்ந்து வரும்?"

சாமி சத்தியமாக எழுது. எத்தனை நாள் வெட்டினாய்?

அண்ணன்
ரவிச்சந்திரன்

கச்சால்
24.7.2025

அண்ணா,
அண்ணியைப் போலீசில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட வெட்டவில்லை. மழை பார்த்த வைத்தியத்துக்கு டியூப் மாலை வாங்கிக்கொண்டது.

போன வாரம் வெயில் வந்தது, வெட்டினேன். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை. இடது கையால் சாப்பிட்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அங்கே வந்தால் அண்ணி என் தட்டைக்கூடப் பிடுங்கிக் கழுவுவாள். முப்பது வருடமாகக் காலையில் எனக்காக மரங்கள் காத்திருக்கின்றன. அங்கே எதற்காக எழுந்திருப்பேன், சொல்லுங்கள்?

அதனால் கத்தியை மேஸ்திரி முருகையாவிடம் கொடுத்துவிட்டு, நாற்றுப்பண்ணைக்கு மாற்றிவிடக் கேட்டேன். "என்னக்கா, ஒரு முழங்கைக்கா இவ்வளவு?" என்றார். "உங்க முழங்கைய குடுங்க, மாத்திக்கிறேன்" என்றேன். மாற்றிவிட்டார். இடது கையால் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உங்கள் சட்டத்தில் பாதியை மதித்துவிட்டேன். மறுபாதியை நீங்கள் விட்டுவிடுங்கள்.

டியூபை மட்டும் நிறுத்த வேண்டாம். காலையில் பூசினால் மத்தியானம் வரைக்கும் தாங்குகிறது.

ஒச்சம்மா