கண்ணாடியில் தெரிந்த சின்னவள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை, கொஞ்சம் உட்காரேன் என்றால் என்னைத்தான் முறைக்கிறாள். எனக்கு டிப்போவில் தடத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது ஓட்டுவது சின்னவளின் பள்ளிக்கூடம் வழியாகப் போகிற பஸ். சாயங்காலம் நானே அவளை ஏற்றிக்கொண்டு வரலாம் என்று சந்தோஷப்பட்டேன், அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் வகுப்புப் பெண்கள் நான்கு பேரோடு ஏறினாள். நான் சிரித்தேன், யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வயசுப் பிள்ளை, கூட்டாளிகள் முன்னால் அப்பன் என்றால் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரை நான் மைக்கில் சொன்னதும் ஒருத்தி அதை என் உச்சரிப்பிலேயே திருப்பிச் சொன்னாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொருத்தி, இவனுங்க தொட்ட கம்பியப் பிடிச்சா கை கழுவணும்டி என்றாள். பஸ் நிறைய ஆட்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷமாகக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போனது. ஆனால் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தேன், சின்னவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்தான் சிரித்தது, கண் தரையில் கிடந்தது. உனக்கு என் நிறம் வந்தது, அவளுக்கு அம்மாவின் நிறம், அவள் யார் மகள் என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்தபோது போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, அதுங்க எங்க ஆளுங்க பெத்த பிள்ளைங்கதானே, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட பேசறது என்று அழுதாள். அழும்போதும் தன் மொழியில் பேசாமல், எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழில்தான் பேசினாள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு சின்னவள் பத்து நாள் நடந்தே வீட்டுக்கு வந்தாள், முக்கால் மணி நேர நடை. பிறகு ஒரு வியாழக்கிழமை நல்ல மழை, வேறு வழியில்லாமல் அதே பெண்களோடு ஏறினாள். பழைய கூத்து மறுபடி ஆரம்பித்தது. இவள் சட்டென்று எழுந்து நின்று, அது எங்கப்பா என்றாள். பொய் சொல்லாத, நீ எங்கள மாதிரிதானே இருக்க என்றாள் அவர்களில் ஒருத்தி. எங்கக்காவப் பாத்தா அப்படிச் சொல்ல மாட்ட, நானும் அவளும் ஒரே வயித்துல பொறந்தவங்க என்றாள் நம்மவள். அப்ப நீ பாதிதானா என்று அந்தப் பெண் கேட்க, யாரோ சிரித்தார்கள். நான் வண்டியை நிறுத்தித் திரும்பினேன். எத்தனையோ வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது, வாயைத் திறந்தால், உக்காருங்கம்மா, விழுந்துடுவீங்க என்று மட்டும்தான் வந்தது. சின்னவள் முன்னால் வந்து, நம் நிறுத்தம் வரும்வரை என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது வகுப்பில் அவளோடு யாரும் பேசுவதில்லை. மேஜையில் பாதி என்று பேனாவால் கீறி வைத்திருக்கிறார்கள். அம்மா வேலைக்கு லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைங்க விளையாட்டு, பெருசாக்காதீங்க என்றாராம் தலைமையாசிரியர். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு மேஜையை மாற்றும்வரை அந்த அறையை விட்டு நகரவில்லையாம் உன் அம்மா. மேஜை மாறியது, அவ்வளவுதான் மாறியது.

முந்தாநாள் சின்னவள் என்னிடம், அக்காவுக்கு தினமும் இப்படித்தானாப்பா இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க என்று கேட்டாள். எனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயதில் நீ குளியலறையில் பாத்திரம் தேய்க்கிற நாரால் கையைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டு நின்றாய். காதுல வாங்காம போ என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிப் போனேன். அன்றைக்கு உன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். போய்ச் சத்தம் போட்டால் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன் கண்ணு. நீ அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் தோன்றுகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

நீ மனநிம்மதியோடு, நல்ல மனிதர்கள் நடுவில், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை சின்னவளைக் கூப்பிட்டுப் பேசு. தைரியமா இரு என்று மட்டும் சொல்லிவிடாதே. தைரியமாகத்தான் இருக்கிறாள், அதில்தான் களைத்துப்போயிருக்கிறாள். உனக்கு எப்படி இருந்தது என்று சொல்லு, அது போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா