உப்புத் தேடும் பனி

பதிவு 1
ஜனவரி 11, காலை 9.10. ஆழம் 310 மீட்டர். கூண்டுக்குள் வெப்பம் 6 டிகிரி.

எழுதுவது ஜெபக்கனி சாலமோன். பனி உயிரியல் ஆய்வாளர், வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. கணினி இருக்கிறது. ஆனால் இந்தக் குளிரில் அது அடிக்கடி மூர்ச்சை போடுகிறது. பென்சில் போடுவதில்லை.

நான் இருப்பது கண்ணாடி ஜன்னல் வைத்த, மூடிய ஓர் இரும்புக் கூண்டு. நிற்கலாம், படுக்கலாம், நடக்க முடியாது. அண்டார்டிகாவின் ஒரு பனித்தட்டில் வெந்நீரைப் பாய்ச்சித் துளை போட்டு, அதில் கம்பிவடத்தில் கட்டி இதை இறக்கியிருக்கிறார்கள். கூண்டின் காலடியில் பனி உருகிய நன்னீர்க் குட்டை. ஹீட்டர் வைத்து அதை உறையாமல் காக்கிறோம். அதற்குக் கீழே இன்னும் முந்நூறு மீட்டர் பனி, அதற்கும் கீழே கடல்.

மேலே முகாமில் இப்போது ஒரே ஆள், பூவலிங்கம். ராமநாதபுரத்துக்காரர். சமையலும் அவர்தான், என்னை ஏற்றி இறக்கும் விஞ்சும் அவர் பொறுப்புதான். மற்ற மூவரும் தொலைவில் ஒரு வானிலைக் கோபுரத்தைப் பழுது பார்க்கப் போயிருக்கிறார்கள். திரும்ப எட்டு நாள் ஆகும்.

பனிச்சுவருக்குள் கண்ணாடி நூல்கள் தெரிகின்றன. தலைமுடி கனம், விரல் நீளம். இவை உயிர்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் கிடக்கின்றன. செத்தவையா தூங்குபவையா தெரியவில்லை. நேற்று முழுக்க ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்திருந்தால் அதற்கும் அலுத்திருக்கும்.

நாளை மாலை மேலேறுகிறேன். அடுத்த மாதம் ஓய்வு. போனதும் முதல் வேலை, என் ஊரான நாசரேத்தில், வீட்டு மொட்டைமாடியில் உச்சி வெயிலில் நிற்பது. வெயிலைத் திட்டிக்கொண்டே முப்பது வருஷம் பனிக்கு ஓடிவந்தவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

பதிவு 2
ஜனவரி 12, பிற்பகல் 3.40. வெப்பம் 6.

குட்டை உறைந்துவிட்டது. ஹீட்டர் வேலை செய்கிறது. தண்ணீரின் வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரி. ஆனாலும் கட்டியாகக் கிடக்கிறது. வெப்பமானிகள் மூன்று. மூன்றும் கூடிப் பேசிப் பொய் சொல்லாது.

பனி கூண்டின் அடியைக் கவ்வி, வெளியே என் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கிறது. வயர்லெஸ்ஸில் பூவலிங்கத்திடம் விஞ்சை இழுக்கச் சொன்னேன். கம்பிவடம் விறைத்தது, கூண்டு முனகியது, அவ்வளவுதான்.

மேலிருந்து: "டாக்டரம்மா, இதுக்கு மேல இழுத்தா வடம் அத்துரும். நிப்பாட்டுறேன். நீங்க பதறாம இருங்க, ரசம் வச்சிருக்கேன்."

ரசம் முந்நூற்றுப் பத்து மீட்டர் மேலே கொதிக்கிறது. நல்ல மனுஷன்.

பதிவு 3
ஜனவரி 13, காலை 11.25. வெப்பம் 5.

ஒரு சோதனை செய்தேன். கிண்ணத்தில் சுத்தமான நீர், அதில் முன்பே சுவரிலிருந்து எடுத்துவைத்த ஒரு நூல். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்க்கையில், பயத்தில் வியர்த்த என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

நூல் விழித்துக்கொண்டது. பூனை சோம்பல் முறிப்பதைப் போல ஒருமுறை வளைந்தது. இரண்டானது, நான்கானது. அவற்றைச் சுற்றி நீர் ஆறு பட்டை நட்சத்திரங்களாகக் கோத்துக்கொண்டது. ஐந்து டிகிரி வெப்பத்தில், என் கண்ணெதிரே, கிண்ணம் முழுக்கப் பனி. இவ்வளவு அழகான ஒன்றை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவை உப்பைத் தின்கின்றன. தின்ற பலத்தில் நீரைப் பின்னிப் பனியாக்குகின்றன. குளிர் அவற்றுக்குத் தேவையில்லை.

அப்படியென்றால் நன்னீர்க் குட்டைக்கு உப்பு எங்கிருந்து வந்தது? துளைக்குள் எதுவும் போடக் கூடாது என்பது முதல் விதி. மேலே கேட்டேன்.

மேலிருந்து: "கோவிச்சுக்கிராதிய. போன வாரம் பேப்பர்ல உங்க போட்டோ போட்டிருந்தாகள்ல. எல்லாரு கண்ணும் பட்டிருக்கும்னு, உங்க போர்வைய வச்சு உப்பு மொளகா சுத்துனேன். மொளகாய அடுப்புல போட்டுட்டேன். உப்பைக் காலு படாத எடத்துல, தண்ணியிலதான் கரைக்கணும். இந்த ஊருல தண்ணிக்கு எங்க போறது? உங்க குழியிலதான் இருந்துச்சு. ஒரு கைப்பிடிதான் போட்டேன். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பாக்காம வந்துட்டேன்."

என் பதில்: "ஏல, உனக்கு அறிவிருக்கா? மூணு வருஷமா எங்கூட இருக்க, ஒத்த வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அவரை 'ஏல' என்றது இதுவே முதல்முறை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. என்னை மாட்டிவைத்தது ஒருவருடைய பிரியம். யார்மேல் கோபப்படுவது?

பதிவு 4
ஜனவரி 14, பகல் 1.05. வெப்பம் 3.

காலையிலிருந்து பூவலிங்கம் பாய்லரை எரியவிட்டு வெந்நீர் பாய்ச்சுகிறார். பத்தரைக்கு ஒரு குலுக்கல். கூண்டு விடுபட்டு நான்கு மீட்டர் ஏறியது. கத்திவிட்டேன், அவரும் கத்தினார். மொட்டைமாடி, வெயில், எல்லாம் கண்முன் வந்தது.

பிறகு மறுபடி கவ்வியது. வெப்பமானியைப் பார்த்தேன். வெளியே வெந்நீர் பட்ட இடத்துப் பனியின் வெப்பம் 19 டிகிரி. அந்த வெப்பத்தில் வெண்ணெய்கூட இளகிவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். பாய்ச்சிய நீரில் பாதியைக் காணோம். ஜன்னலில் விளக்கைப் பிடித்தேன். சுவரில் ஒரு விரிசல். வெந்நீர் அதை அகலமாக்கிக் கீழ்நோக்கி இறங்குகிறது. ஒளியில் நூல்களும் அதோடு போவது தெரிந்தது, ஆயிரக்கணக்கில்.

கீழே கடல். கடல் முழுக்க உப்பு.

பதிவு 5
ஜனவரி 14, மாலை 5.30. வெப்பம் 2.

கணக்கிட்டேன். விரிசல் கடலைத் தொட இன்னும் ஒரு நாள் வெந்நீர் போதும். நான் வெளியே வர இரண்டு நாள் வேண்டும். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். முடிவு என் பக்கம் வரவில்லை.

பூவலிங்கத்திடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, பாய்லரை அணைச்சிருங்க."

"ஏன், டீசல் கெடக்கு. மத்த மூணு பேரும் வந்துட்டா ஆளும் கூடிரும்."

"தண்ணி கடலுக்கு வழி தோண்டுது. இந்த நூலு கடலுக்குப் போகக் கூடாது. அணைங்க."

"மாட்டேன். நான் போட்ட உப்பு. நாந்தான் தூக்கணும்."

"உங்க வீட்டுல இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"நடந்தா பத்து நிமிசம்."

"அந்தக் கடல் ஒருநாள் காலையில வெயிலோட கட்டியாகும். வள்ளம், வலை, மீனு, உள்ள இருக்க ஆளு எல்லாம் சேத்து. இங்க மாட்டுனது நான் ஒருத்தி."

பிறகு, குழாய் வழியே கேட்டுக்கொண்டிருந்த பாய்லர் இரைச்சல் நின்றது. அந்த இரைச்சல் இத்தனை நேரம் எனக்குத் துணையாக இருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை.

பதிவு 6
ஜனவரி 15, காலை 8.00. வெப்பம் பார்க்கவில்லை.

தரை ரப்பர் வழியாக நூல்கள் உள்ளே வந்துவிட்டன. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத்தான் முதலில் தேடின. மூன்று பையில் போட்டுக் கட்டினேன். கூண்டில் உப்புள்ள இன்னொரு பாத்திரம் நான்தான்.

வியர்க்காமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அழக் கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டிருக்கிறேன். இதுவரை மீறவில்லை.

இந்த இடத்தை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று மற்ற மூவரிடமும் சொல்லும்படி பூவலிங்கத்திடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மிச்சமிருக்கும் ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிடச் சொன்னேன்.

பதிவு 7
ஜனவரி 16. மணி தெரியவில்லை.

கடிகாரக் கண்ணாடிக்குள் பனி. இடது கையில் மணிக்கட்டு வரை நட்சத்திரங்கள். தோல் சூடாகத்தான் இருக்கிறது. 33 டிகிரி. வலிக்கவில்லை.

மேலிருந்து: "டாக்டரம்மா, இருக்கியளா? இங்க நல்ல வெயிலு. கண்ணு கூசுது. உங்களுக்குப் பதிலா நின்னுட்டு இருக்கேன்."

பதில் சொல்ல பட்டனை அழுத்த முடியவில்லை. உத்தரவை மீறிவிட்டேன். வலது கண் இனி திறக்காது.

இதைப் படிப்பவருக்கு. நோட்டு உங்கள் கையில் இருக்கிறது என்றால், என் எச்சரிக்கையைக் கேட்காமல் தோண்டிவிட்டீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவள் நான்தான். கையுறையைக் கழற்றாதீர்கள். நெற்றியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, என்னைப் பார்த்து அழாதீர்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒரு சொட்டு போதும் அவற்று

மேலே போங்கள் திரும்பிப் பார்க்காம