அருமை சார்

காலையிலிருந்து கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நம் தாவரவியல் முகநூல் குழுவில் நேற்று நான் போட்ட பதிவுக்கு 'அருமை சார்', 'நன்றி சார்', கும்பிடும் கைகள். எரிச்சலாக வருகிறது, மேடம். யாராவது பிடிக்கிறார்களா பார்ப்போம் என்று வேண்டுமென்றே அதில் ஒரு தப்பை வைத்தேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் எடுத்த வெண்கண்டல் மரத்தின் படத்தைப் போட்டு, சுரபுன்னை என்று எழுதினேன். சுரபுன்னைக்கு முட்டுக்கொடுத்தது போல வளைந்த வேர்கள்; இதிலோ சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் பென்சிலாக நிற்பது பளிச்சென்று தெரிகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நான் காபியைக் குடித்து முடிப்பதற்குள் வந்திருப்பீர்கள்.

உங்களை எனக்குப் பிடிக்காது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் நன்னிலம் பக்கம் ஒரு கல்லூரியில், நான் திருவாரூர் பக்கம். இருவருக்கும் ஒரே பாடம். வயல் களைகளைப் பற்றி நான் எழுதிய முதல் பதிவின் கீழே, என் மாணவர்கள் அத்தனை பேரும் பார்க்கக் கேட்டீர்கள்: "சார், இது நீங்க பாத்ததா, படிச்சதா?" படித்ததுதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒருமுறை நேரில் மாட்டினீர்கள். "ஏங்க மேடம், தனியா ஒரு மெசேஜ் போட்டா ஆகாதா? ஊரு பாக்கவா மானத்த வாங்குவீங்க?" என்றேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே, "தனியா சொன்னா நீங்க திருத்திக்குவீங்க. அதப் படிச்ச புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?" என்றீர்கள். பிறகு ஊறுகாயை என் பக்கம் தள்ளினீர்கள். நான் தொடவில்லை.

நீங்கள் இறந்த செய்தியும் இதே குழுவில்தான் வந்தது. மேலே மல்லிகைப்பூவோடு ஒரு காலை வணக்கம், கீழே யாரோ போட்ட தேர்ப் படம், நடுவில் நீங்கள். அதே கும்பிடும் கைகள். உங்களோடு ஒரு முறையாவது மல்லுக்கு நின்றவன் அங்கே நான் ஒருவன்தான்.

இன்று வகுப்பில் ஒரு மாணவி ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். "உங்க போஸ்ட் பாத்து வரஞ்சிட்டேன் சார்." அழகான வெண்கண்டல். அடியில் சுரபுன்னை என்று எழுதியிருந்தாள். பெயர் தப்பு என்று அவளிடம் சொன்ன கையோடு, ஊர் பார்க்கப் பதிவின் கீழேயும் எழுதினேன்: "படத்தில் இருப்பது வெண்கண்டல். நான் எழுதிய பெயர் தவறு." அதோடு உங்கள் கேள்வியையும் சேர்த்துப் போட்டேன்: "சார், இது நீங்க பாத்ததா, படிச்சதா?"

அதற்கும் 'அருமை சார்' வந்துவிட்டது.

ஆத்திரமாக வருகிறது, மேடம். முதலில் உங்கள் மேல்தான். இந்தக் கூட்டத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டு, அந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.