குறை வைக்காத குப்பி

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ செய்து அனுப்பிய சென்ட் குப்பி போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா நோட்டில் பாதியில் விட்ட அம்மா வாசனையை நான் முடித்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். திறந்ததும் உன் அண்ணி, ஐயோ அத்தை, அப்படியே நீங்கதான் என்று கையைத் தட்டினாள். பழம்புடவை, கிராம்பு, தலைவலித் தைலம், என் வியர்வை வரைக்கும் வைத்திருக்கிறாய். வெறும் பூ வாசனை பொம்மைக்குத்தான் ஆகும், ஒரு துளி நாற்றமும் சேர்ந்தால்தான் மனுஷி என்று சென்ட் கலக்கும்போதெல்லாம் சொல்வாரே உன் அப்பா, அந்தக் கைப்பக்குவம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. ஆனால் அவர் ஒன்றும் பாதியில் விடவில்லையடி. உயிரோடு இருக்கிறவர் வாசனையில் ஒரு சரக்கைக் குறைத்துத்தான் வைப்பார், முழுசாக்கிவிட்டால் அதற்கு அப்புறம் ஆள் தேவைப்படாது என்பார். எனக்கு அவர் குறைத்து வைத்தது சாவிக்கொத்தின் இரும்பு வாடை. நீ கெட்டிக்காரி, அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டாய்.

உன் பெரிய அத்தை கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. என் கல்யாணத்தன்றே மூக்குதான் பெரிசு, மூளை இல்லை என்று நாலு பேர் நடுவில் என்னைச் சொன்னவள், நாற்பத்தாறு வருஷமாகியும் நான் மறக்கவில்லை. தம்பி எனக்கு மட்டும் அரைகுறையாகக் கொடுப்பானா என்று உன் அப்பாவிடம் அடம்பிடித்துத் தன் வாசனையை முழுசாக வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் மாடியில் படுத்திருக்கும்போதே, கீழே கூடத்தில் அவளோடு பேசிவிட்டு வந்தோம் என்று ஆட்கள் சொன்னார்கள். மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தாள். இரண்டு நாள் வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை பட்டப்பகலில் பேத்தி என் அறையிலிருந்து ஓடிவந்தாள். நீ இங்க இருக்கியா பாட்டி, அப்போ எனக்கு யாரு தலை பின்னிவிட்டது என்று கேட்கிறாள். பின்னல் நான் போடுவது போலவே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உன் அண்ணி என் பக்கத்தில் நின்றுகொண்டே அத்தை எங்கே என்று தேடுகிறாள். என் புடவையை நானே முகர்ந்தால் வெறும் துணி. குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், சாவி இடுப்பில்தான் இருக்கிறது, அதில் இரும்பு வாடையே இல்லை.

அடுத்த மாதம் உன் கம்பெனியில் இதையே ஆயிரம் குப்பி போடுவதாக எழுதியிருக்கிறாய். ஒன்றுக்கே இந்தப் பாடு. கோபித்துக்கொள்ளாமல் அந்த இரும்பை எடுத்துவிடு, கலந்து வைத்ததைக் கொட்டிவிடு. கம்பெனி பெயர் போனால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆள் போனால் முடியாது.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், ஏதாவது ஒரு குறையோடு இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று. இதற்கு உறை கேட்டேன், காலையிலேயே கடிதம் கொடுத்தீங்களே அத்தை, தபால்ல போட்டுட்டேனே என்கிறாள் உன் அண்ணி. நான் கொடுக்கவில்லை. அதில் குப்பி அருமை, ஒரு குறையும் இல்லை என்று இருந்தால் நம்பாதே, நான் எந்தக் காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்? இரண்டு கடிதத்தையும் முகர்ந்து பார். வாசனை இல்லாததுதான் நான்.

இப்படிக்கு,
இன்னும் இங்கேயே இருக்கிற
உன் அம்மா