முன்வரிசை இடம்

ஹேஸல்ரிட்ஜ், பென்சில்வேனியா
மார்ச் 9, 1953

அன்புள்ள தம்பி எமிலுக்கு,

அக்கா பவ்லீனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. சுரங்கத்தில் இப்போது வாரம் மூன்று நாள்தான் வேலை. பட்டம் வாங்கிய டீச்சர் என்று அம்மா தெருவெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறாள்; நானோ தலைமையாசிரியர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே இன்னும் மாணவி மாதிரி எழுந்து நின்றுவிடுகிறேன். சாப்பாட்டு மணி அடித்ததும் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

கொரியாவிலிருந்து நீ அனுப்பிய ஃபிலிம் சுருள் வந்தது. ஹாப்வுட் மருந்துக்கடையில் கழுவக் கொடுத்தேன். எட்டுப் படமும் நன்றாக விழுந்திருக்கின்றன. படமெடுத்த உன் நண்பனுக்கு நல்ல கை. உங்கள் முகாமுக்குப் பாட வந்த நடிகை கிளாரிஸ் வேனை இப்படி எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை. லாரிப் படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்து கல்லைத் தட்டுகிறாள். தகர டப்பாவிலிருந்து வாய் நிறைய பீன்ஸ் தின்கிறாள். பாடப்போகும் நேரத்தில் தும்முகிறாள். “இவளுக்கும் நம்மள மாதிரிதான் மூக்கு ஒழுகுது” என்று அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

‘எனக்கு முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது’ என்று நீ எழுதியிருந்ததை நான்தான் வீட்டில் வாசித்துக் காட்டினேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா தேவாலய வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “அத்தனை ஆயிரம் பேர்ல என் பையனைக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வெச்சிருக்காங்க, சும்மாவா?” என்றாள். “பாத்துக்க அன்னா, நடிகையே உனக்கு மருமகளா வந்துடப்போறா!” என்று ஒருத்தி சீண்ட, “வரட்டுமே, மொதல்ல மாவு பிசையக் கத்துக்கட்டும்” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த தெரு ஆண்ட்ரெய் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. போன யுத்தத்தில் இத்தாலியில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர் அல்லவா. தெருமுனை வரை என்னோடு நடந்து வந்து, “அந்த மாதிரி ஆட்டம்பாட்டம் வந்தா முன்வரிசை யாருக்குன்னு தெரியுமா பவ்லீனா?” என்று கேட்டார். அதிகாரிகளுக்கா என்றேன். “ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்றவங்களுக்கு. நானும் ஒரு தடவ உக்காந்திருக்கேன்” என்றார். பட்டாளத்திலிருந்து தந்தி எதுவும் வரவில்லையே என்றேன். “உயிருக்கு ஆபத்தில்லேன்னா வீட்டுக்குச் சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கலாம். நான் கேட்டேன்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை எடுத்து ஏழாவது படத்தைப் பார்த்தேன். கிளாரிஸ் குனிந்து உன் சிகரெட்டைப் பற்றவைக்கிறாள். நீ பல் தெரியச் சிரிக்கிறாய். பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து மடியிலும் போர்வை. கீழே பூட்ஸ்களை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். உனக்குக் கீழே ஒன்று தெரிகிறது. மற்றது போர்வைக்குள் இருக்கலாம், நிழலில் மறைந்திருக்கலாம். எட்டாவது படத்தில் அவள் லாரிக்குப் பின்னால் தனியாக நின்று கையுறையால் கண்ணை அழுத்திக்கொண்டிருக்கிறாள். அது காற்றுக்காகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, எமில்.

அந்த ஏழாவது படத்தைத்தான் ஹாப்வுட் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் வைத்திருந்தார். யுத்தத்துக்குப் போய்வந்த யாராவது பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டால்? மூன்று வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, எடுத்துவிடுங்கள் என்றேன். “ஏன் டீச்சரம்மா, ஊரே வந்து பாக்குது. தம்பி மேல பொறாமையா?” என்றார். வெயிலில் வெளுத்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அவர் வெளியே பார்த்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு படத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இப்போது அது என் மேசையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது.

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். நீ கிளம்புமுன் செய்தித்தாளில் உன் பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டி வைத்தாளே, அந்த அளவு இப்போது போதாதாம். “பட்டாளத்து பூட்ஸ் போட்டா கால் அகலமாயிடும், புதுசா வரைஞ்சு அனுப்பச் சொல்லு” என்று தினமும் நச்சரிக்கிறாள்.

ஆகவே பாதத்தைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டையும் அனுப்பு. ஒன்றைத்தான் வரைய முடியும் என்றால் அந்த ஒன்றை, பள்ளி முகவரிக்கு, என் பெயருக்கு அனுப்பு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேடிக்கை மட்டும் எழுதாதே.

ஆண்டவர் உன்னை எப்படியாவது எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். நடந்துதான் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

உன் அக்கா,
பவ்லீனா